நான் போன் செய்யாத மூன்று நாள்

முதல் அறிகுறி நல்ல வெயிலில் வந்தது. இதை எந்த டாக்டரிடம் சொன்னாலும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்கள். மழையைக் கண்டு பயந்தேன் என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

தை மாதக் காலை அது. எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை. நீலமாக, அழகாகத்தான் இருந்தது வானம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு இறுகியது. விரல் நுனிகள் மரத்துப்போயின. மூச்சு பாதி வழியில் நின்றது. இந்த நீலம் சும்மா இருக்காது, இது எதையோ சேர்த்துவைக்கிறது என்று தோன்றியது. அதற்குள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

மாரடைப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. “ஹார்ட் நல்லா இருக்கு சார். எதையாவது போட்டு ரொம்ப யோசிக்கிறீங்களா?” என்று கேட்டார் இதய டாக்டர். இல்லை என்று தலையாட்டினேன். பச்சைப் பொய்.

யோசிக்காத நேரம் என்று எனக்கு ஒன்று இருந்ததே இல்லை. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. எங்கள் நகர் பள்ளமான இடம். முன்பும் வாசல் வரை தண்ணீர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது உண்டு. ஆனால் அந்த வருஷம் பெய்தது மழை மாதிரியே இல்லை. ஒரு பருவத்துக்கு உரியதை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. பீரோவும் ஃபிரிட்ஜும் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஏன் இப்படிப் பெய்தது என்று போனில் தேட ஆரம்பித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கடல் சூடாவதைக் காட்டும் வரைபடம் ஒன்று இருக்கிறது. வெப்பம் ஏற ஏறச் சிவப்பு கூடும். வங்கக்கடல் சிவந்திருப்பதைத் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் பார்த்தேன். நான்கு வானிலைச் செயலிகள், ஆறு யூடியூப் சேனல்கள். ஒருவர் புயல் என்றால் இன்னொருவர் இல்லை என்பார். இரண்டு பேரையும் நம்பினேன். கம்பெனியில் பையன்கள் என்னைப் பார்த்ததும் “புயலு கரையக் கடந்துடுச்சிடா” என்பார்கள். எதிர்வீட்டு சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்) பால் வாங்க வரும்போதெல்லாம், “முசியே, இன்னைக்கு மெத்தியோ என்னா சொல்லுது?” என்று கேட்பார். வானிலை அறிக்கையைத்தான் அப்படிச் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். சொல்லும்போது உள்ளங்கை வேர்த்திருக்கும்.

பயம் மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். கூடவே ஒரு துக்கம் இருந்தது. என்னோடு படித்தவன் ஒருவன் வீடு குருசுக்குப்பத்தில். அவன் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாங்கள் கிரிக்கெட் ஆடிய மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. துறைமுகச் சுவரால் மணல் போனது, பருவநிலை மாற்றம் அதற்கு மேல் வந்து சேர்ந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் பிரித்துச் சொல்வார்கள். என் உடம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. செத்தவருக்கு அழலாம், பதினாறாம் நாள் தலை முழுகிவிட்டு எழுந்துகொள்ளலாம். இன்னும் சாகாத ஒன்றுக்காக அழுதால் எந்த நாளில் எழுந்துகொள்வது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என் அக்கா தனத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தவளக்குப்பம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போனால் ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் அவள் இருக்கிறாள். ஏழுமலை மாமாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், இரண்டு மாடு. எங்கேயாவது காற்றழுத்தத் தாழ்வு என்று வந்தால் நான் அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்வேன். ஒரு நாளைக்கு மூன்று தரம், நான்கு தரம்.

“அக்கா, நெல்லு மூட்டைய மேல ஏத்திட்டியா? மாட்ட ரோட்டு மேல கொண்டாந்து கட்டு.”

“உன் புயலு வரட்டும்டா, காப்பி போட்டு வெக்கிறேன்” என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே சொன்னதைச் செய்துவிடுவாள். பத்து தரம் சொன்னால் எட்டு தரம் ஒன்றும் வராது. அதற்காக ஒரு நாளும் அவள் என்னைக் கடிந்துகொண்டது இல்லை. பின்னால் எனக்குப் புரிந்ததை முன்பே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிராமத்தில் நான்கைந்து வீடுகள் என் பயத்தை நம்பித்தான் மாட்டை அவிழ்த்தன, கட்டின.

வெயிலில் விழுந்த பிறகு அதே மாதிரி இன்னும் மூன்று தரம் வந்தது. கடைசியில் என் மனைவி மாலா கையைப் பிடித்து அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். அந்த வராந்தாவில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சளி பிடித்தவன் மாதிரி இருமிக்கூடக் காட்டினேன். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே. இன்று நினைத்தால் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது.

டாக்டர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். போனில் சிவப்பு வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“உங்க பயத்துக்குக் காரணம் பொய் இல்ல. நானும் இதே ஊர்லதான் இருக்கேன், என் வீட்லயும் தண்ணி வந்துச்சு. ஆனா உங்க உடம்பு எந்நேரமும் சைரன் அடிச்சிக்கிட்டே இருக்கு. அதத்தான் நாம கொறைக்கப் போறோம்.”

பதற்றக் கோளாறு (ஆபத்து எதிரே இல்லாதபோதும் உடம்பு ஆபத்தில் இருப்பதுபோல இயங்கும் நிலை) என்று எழுதினார். கூடவே லேசான மனச்சோர்வு (எதிலும் பிடிப்பில்லாமல் போகும் நோய்) என்றும். காலையில் ஒரு மாத்திரை. மூச்சுப் பயிற்சி. வானிலைச் செய்திக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதுவும் காலையிலோ படுக்கையிலோ கூடாது.

நீங்களும் இப்போது இதே இடத்தில் இருந்தால் ஒன்று சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் மாத்திரை வேலை செய்யாது. வாய் உலரும், வயிறு கலங்கும், பயம் கூடினாற்போலவும் இருக்கும். எனக்கு இருந்தது. விட்டுவிடாதீர்கள். நான்காவது வாரம் ஒரு காலை சட்டைப் பித்தானைப் போடும்போது விரல் நடுங்கவில்லை. பித்தான் அதன் பாட்டுக்கு ஓட்டைக்குள் போனது. அதற்காக அழுதேன்.

வெளியில் எல்லோரிடமும் ‘பிபி மாத்திரை’ என்று சொல்லிவிட்டோம். அக்காவிடமும் அதையேதான் மாலா சொன்னாள். மனநலப் பிரிவு என்று சொன்னால் ஊர் பேசும், அக்கா பயந்துவிடுவாள் என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அப்போது எங்களுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

குணமாக ஆரம்பித்ததும் எனக்குத் தலைக்கனம் வந்தது. டாக்டர் சொன்னது இருபது நிமிடம். நான் அதைச் சைபர் ஆக்கினேன். நான்கு செயலிகளையும் அழித்தேன். வீட்டில் டிவி செய்தி வந்தால் மாலா உடனே சேனலை மாற்றிவிடுவாள். அக்காவோடு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேச்சு, அதுவும் சாப்பாடு, கல்யாணம், மாட்டுக்குச் சினை என்று. “என்னாடா, புயலப் பத்தி ஒண்ணும் சொல்லல?” என்று ஒரு தரம் கேட்டாள். “எல்லாம் விட்டுட்டேன்க்கா” என்றேன், பீடியை விட்டவன் மாதிரி பெருமையாக. கம்பெனியில் “புயலு ஓஞ்சிடுச்சி” என்றார்கள். அந்த ஆறு மாதமும் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

கார்த்திகையில் புயல் வந்தது. இந்தத் தரம் நிஜமாகவே எங்கள் பக்கம்தான் கரை கடந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். நான் படபடக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன், சீராக அடித்தது. சாமான்களை மேலே ஏற்றிவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாலாவோடு தாயம் ஆடினேன். தாயம் விழுந்தபோது கைதட்டினேன். கரண்ட் இல்லை என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்யவில்லை. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள்.

மூன்றாம் நாள் சாயந்திரம் மழை விட்டிருந்தது. கரண்ட் வந்திருந்தது. நான் குளித்துவிட்டு வந்தபோது மாலா டிவியைச் சட்டென்று அணைத்தாள். மேலே அணை நிரம்பிவிட்டது, தண்ணீர் திறக்கிறார்கள், ஆற்றோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டும் என்று அதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. ஆட்கள் போய்ச் சொல்லிவிடுவார்கள், இவருக்கு எதற்கு என்று அவள் நினைத்தாள். இதை அவள் என்னிடம் சொன்னது மூன்று வாரம் கழித்து.

ஆட்கள் போய்ச் சொல்லத்தான் செய்தார்கள். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று கிராமத்து ரோட்டில் போயிருக்கிறது. பக்கத்து வீட்டார், கிளம்பலாமா என்று அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். 

விடிகாலையில் தண்ணீர் வந்தது. வாசலுக்கு வந்து கட்டிலை எட்டுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லையாம். மாமா அக்காவை மாடிப் படியில் ஏற்றிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார். ஒரு மாட்டை அவிழ்த்ததை அக்கா பார்த்தாள். இரண்டாவது மாட்டிடம் அவர் போவதற்குள் கொட்டகை சரிந்தது.

அவிழ்த்த மாடு மறுநாள் தானாகத் திரும்பி வந்தது. மாமாவை இரண்டு நாள் கழித்துக் கரும்புத் தோட்டத்தில் கண்டெடுத்தார்கள்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா சேற்றில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலில் கோபமே இல்லை.

“நீ போன் பண்ணலியேடா தம்பி. அவங்க எல்லாம் கெளம்பலாமான்னு கேட்டாங்க. என் தம்பியே சும்மா கீறான்னா ஒண்ணும் வராது, படுங்கன்னு நாந்தான்டா சொன்னேன்.”

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

காரியம் முடிந்து வந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. தயவுசெய்து நீங்கள் இதைச் செய்யாதீர்கள். தலைக்குள் சின்னச் சின்னதாகக் கரண்ட் அடித்தது, நடந்தால் தரை நழுவியது. அழித்த செயலிகள் திரும்ப வந்தன. மாலா டிவி விஷயத்தைச் சொன்னபோது கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனேன். இருபது நாள் அவளோடு பேசவில்லை. அவள் தினமும் சோறு போட்டுவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். என்னைக் காப்பாற்றத்தான் செய்தாள் என்று தெரியும். தெரிந்தும் பேச வாய் வரவில்லை. நான் கெட்டவனாக இருந்த நாட்கள் அவை.

கடைசியில் அதே வராந்தா. இந்தத் தரம் கைக்குட்டை இல்லை. உள்ளே போய்க் கத்தினேன். “உங்க மாத்திரதான் டாக்டர் எங்க மாமாவக் கொன்னுது. நான் பயந்துகிட்டு இருந்திருந்தா அவரு உயிரோட இருந்திருப்பாரு.”

வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்தார். டாக்டர் அம்மா கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னார்.

“இருந்திருக்கலாம்” என்றார். “இல்லன்னு சொல்ல என்னால முடியாது. ஒண்ணு கேக்கறேன். நீங்க இங்க வர்றது உங்க அக்காவுக்குத் தெரியுமா?”

“பிபின்னு சொல்லி வெச்சிருக்கோம்” என்றேன்.

“உங்களுக்கு இப்ப ரெண்டு இருக்கு. ஒண்ணு பதற்றம், அதுக்கு எங்கிட்ட மாத்திர இருக்கு. இன்னொண்ணு துக்கம். அதுக்கு எங்கிட்டயும் ஒண்ணுமில்ல. பேசத்தான் முடியும். மொதல்ல உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க.”

மாத்திரையை மறுபடி பாதி அளவிலிருந்து ஆரம்பித்தார். இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம், சைபர் இல்லை என்று தனியாக எழுதி, கீழே கோடு போட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மாலாவையும் அழைத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். அக்கா வீட்டுச் சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு காய்ந்திருந்தது. அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மனநலப் பிரிவு, மாத்திரை, செயலிகளை அழித்தது, எல்லாம். மாலா தான் டிவியை அணைத்ததைச் சொல்லி, “அண்ணி, என்ன மன்னிச்சிடுங்க” என்று காலில் விழப் போனாள்.

அக்கா தவிட்டுக் கையை உதறினாள். மாமா போன நாளில் வராத கோபம் அப்போது வந்தது.

“பிபின்னு தானடி சொன்ன? நான் அத நம்பி உப்பக் கொறச்சி ஊறுகா போட்டு அனுப்பிச்சேனே! ரெண்டு பேரும் வாயத் தொறந்து தின்னீங்க இல்ல? அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? தம்பிக்கு ஒடம்பு சரியில்ல, அவன் சொல்ல மாட்டான், இனிமே நாமளே பாத்துக்கணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமேடா.”

சொல்லிவிட்டு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். மாலாவோடு அன்று திரும்பும் வழியில் பஸ்ஸில் பேசினேன். முதலில் கேட்டது, சாப்பிட்டாயா என்று.

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னிடம் பெரிய யோசனை எதுவும் இல்லை. உங்கள் நோயை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். உங்கள் பயத்தை நம்பி யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தரம் யோசியுங்கள். நிச்சயம் ஒருவராவது இருப்பார். நீங்கள் ஓயப் போகிறீர்கள் என்றால் அவரிடம் முதலில் சொல்லிவிட்டு ஓயுங்கள்.

அது நடந்து ஒரு வருஷமாகிறது. அக்கா ஊரைவிட்டு வரமாட்டேன் என்கிறாள். அவளுக்கும் அந்த நோய் வந்துவிட்டது. அதே டாக்டரிடம் ஒரு நாள் அழைத்துப்போனேன். “எனக்கு ஒண்ணுமில்லம்மா, என் தம்பிக்குத்தான்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். மேகம் திரண்டால் ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து தரம் போன் செய்கிறாள். எடுக்கிறேன். ஒவ்வொரு தரமும் எடுக்கிறேன்.

என் உடம்பு முன்பு மாதிரி இல்லை. போன் மணி அடிப்பதற்கு முன்பே கை பாக்கெட்டுக்குப் போகிறது. நெஞ்சு படபடக்கும், ஆனால் அதோடு வேலை செய்ய முடிகிறது, பெட்டி எண்ண முடிகிறது. ஒரு காலத்தில் இருபது வருஷம், முப்பது வருஷம் கழித்து வரப்போகும் ஒரு வெள்ளத்தில் மனதால் நின்றுகொண்டுதான் இங்கே சாப்பிட்டேன், தூங்கினேன். இப்போது அவ்வளவு தூரம் போக முடியவில்லை. என் காலம் அக்காவின் ஒரு போனிலிருந்து அடுத்த போன் வரைதான். கடல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. நான் தேறினாலும் அது தேறப் போவதில்லை, அதை ஒப்புக்கொண்டுதான் மாத்திரை போடுகிறேன்.

போன வாரம் மறுபடி ஒரு தாழ்வு உருவானது. மதியச் சாப்பாட்டு நேரம், கம்பெனியில் டிபன் பாக்ஸைத் திறந்தேன், போன் அடித்தது. அக்கா.

“இங்க கருக்கிக்கிட்டு வருது தம்பி.”

“பாத்தேன்க்கா. நாளைக்கு சாயந்திரத்துக்கு மேலதான் மழ. ஆறு கீழத்தான் ஓடுது. அணையில இன்னும் தொறக்கல. தொறந்தா நானே வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடறேன்.”

“நெசமாவா?”

“நெசமா.”

பிறகு கேட்டாள். “உனக்கு பயமா இருக்குதாடா?”

மாலா கேட்டால் இல்லை என்பேன். பையன்கள் கேட்டால் சிரிப்பேன். “இருக்குதுக்கா” என்றேன். “காலையிலேர்ந்து நெஞ்சு அடிச்சிக்கிட்டுதான் இருக்குது.”

“மாத்திர போட்டியா?”

“போட்டேன்.”

“போட்டும் இருக்குதா?”

“இருக்குது.”

அவள் நீளமாக மூச்சு விடுவது கேட்டது.

“சரிடா. அப்ப நான் கொஞ்சம் படுக்கறேன். ரெண்டு நாளா கண்ண மூடல.”

போனை வைக்கவில்லை அவள். அப்படியே தலையணைப் பக்கத்தில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. கட்டில் கிறீச்சிட்டது, கொஞ்ச நேரத்தில் லேசாகக் குறட்டை கேட்டது. சாப்பாட்டு நேரம் முடியும் மணி அடிக்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.